சலவைக் குளிகை: பயனும் பாதுகாப்பும்

துணி துவைப்பதற்கெனக் கடைகளில் விற்கப்படும் சிறு பொட்டலம் ஒன்று அண்மைக் காலத்தில் மலேசிய இல்லங்களிலும் இடம் பெற்று வருகிறது. கண்ணாடி போன்ற மெல்லிய உறை. அதற்குள் நீலம், பச்சை, வெள்ளை என வண்ண வண்ணமாகச் சலவைக் கூழ். ஒரு தடவை துவைப்பதற்கு ஒன்று போதும் என்பது பொதுக் கணக்கு. அளந்து போட வேண்டிய வேலை இல்லை, கையில் ஒட்டுவதில்லை, தரையில் சிந்துவதில்லை. இதனைச் சிலர் ‘கேப்சூல்’ என்பர். சிலர் ‘போட்’ என்பர். உருவத்தையும் தொழிலையும் நோக்கின் ‘சலவைக் குளிகை’ என்பதே பொருத்தமான பெயராகும்.

அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, சிறு பிள்ளைகளைத் தாத்தாவும் பாட்டியும் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் பல. இவ்வீடுகளில் சலவை இயந்திரம் பெரும்பாலும் பின்கட்டில், பிள்ளைகள் ஓடியாடும் இடத்திலேயே இருக்கிறது. அங்கே இக்குளிகை எத்தகைய உதவி செய்யும், எத்தகைய தீங்கு செய்யக்கூடும் என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே அதனை வீட்டுக்குள் கொண்டு வருவது அறிவுடைமை.

சவுக்காரத்தின் தொழில்

தண்ணீர் மட்டும் அழுக்கைப் போக்காதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. உப்பும் சர்க்கரையும் போன்றவற்றைத் தண்ணீர் கரைத்துவிடும். ஆனால் நம் ஆடையில் ஏறும் அழுக்கில் பெரும்பகுதி எண்ணெய்ப் பசையோடு கூடியது. உடலில் ஊறும் எண்ணெய், சமையல் எண்ணெய், செம்பனைப் பழத்தின் பசை, வண்டிகளின் கிரீஸ் ஆகியவை தண்ணீரோடு சேர்வதில்லை.

சவுக்காரத்தின் நுண்ணிய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள் உண்டு. ஒரு முனை தண்ணீரை நாடும். மறு முனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கில் சென்று பதிய, நீரை நாடும் முனைகள் வெளிப்புறமாக நிற்கும். இவ்வாறு நாற்புறமும் சூழப்பட்ட எண்ணெய்த்துளி துணியை விட்டுப் பெயர்ந்து நீரில் மிதந்து, அலசும்போது போய்விடுகிறது. இரண்டு புட்டிகளில் தண்ணீரும் சிறிது சமையல் எண்ணெயும் விட்டு, ஒன்றில் மட்டும் சவுக்காரக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். சவுக்காரம் இல்லாத புட்டியில் எண்ணெய் விரைவில் மேலே பிரிந்து நிற்கும். மற்றதில் பால் போலக் கலங்கி நெடுநேரம் இருக்கும். நுரை என்பது இத்தொழிலின் அடையாளமே தவிர அளவுகோல் அன்று. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று எண்ணுவது தவறு.

உவர்மண் முதல் குளிகை வரை

தமிழர் வாழ்வில் சலவைத் தொழில் மிகப் பழமையானது. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரைக் கொண்டு ஆடையை வெளுத்த செய்தி புறநானூற்றின் 311ஆம் பாட்டில் காணப்படுகிறது. களர்மண்ணிலும் உவர்மண்ணிலும் காரம் உண்டு. அக்காரம் எண்ணெய்ப் பசையை இளக்கும். உவர்மண் தோய்த்த துணியை ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி முறையும் இதே தத்துவத்தைச் சார்ந்ததே. பூந்திக் கொட்டையில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருப்பதால் பட்டுக்கும் கம்பளிக்கும் அது பயன்பட்டு வந்தது.

கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது சவுக்காரம். 1791இல் பிரான்சு நாட்டு லெபிளாங்க், சாதாரண உப்பிலிருந்து சோடாக்காரம் செய்யும் வழியைக் கண்டார். அந்நாட்டவரான செவ்ரூல் 1823இல் கொழுப்பின் இயல்பை விளக்கி நூல் வெளியிட்டார். அதன் பின்னரே சவுக்காரம் பெருந்தொழிலாக வளர்ந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட, கொழுப்பு இல்லாமலே செய்யத்தக்க செயற்கைச் சலவைப் பொருள்களை அந்நாட்டு இரசாயன அறிஞர்கள் உண்டாக்கினர். 1946இல் அமெரிக்காவில் ‘டைட்’ தூளும், 1959இல் இந்தியாவில் ‘சர்ப்’ தூளும் வெளிவந்தன. 1969இல் குஜராத்தைச் சேர்ந்த கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய ‘நிர்மா’ எளியோர் வீட்டுக்கும் சலவைத் தூளைக் கொண்டு சேர்த்தது.

சவுக்காரத்துக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் ஆகாது. நுரைக்காமல் திரிந்து, துணியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். செயற்கைச் சலவைப் பொருள்களுக்கு இக்குறை மிகக் குறைவு. அவை வென்றதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் தொடக்கத்தில் வந்த தூள்கள் நுண்ணுயிர்களால் எளிதில் சிதையாதவை. ஆறுகளில் நுரை மலைபோலக் குவிந்தது. 1960களின் நடுப்பகுதியில் ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகள் எளிதில் சிதையும் வகைக்கு மாறின.

இவ்வரலாற்றில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை நிறுவியது தென்னமாரம் தோட்டத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்ற ஊரை அடுத்தது அது. செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில், தேங்காயெண்ணெயைப் போலவே, லாரிக் அமிலம் ஏறக்குறையப் பாதியளவு உள்ளது. நன்கு நுரைத்து அழுக்ககற்றும் சலவைப் பொருள்களைச் செய்வதற்கு மிகவும் உகந்த மூலப்பொருள் இதுவே. தோட்டத் தொழிலாளி வெட்டிச் சுமந்த குலை ஆலைகள் பல கடந்து, அவர் வீட்டுத் துணியைத் துவைக்கும் தூளாகவோ குளிகையாகவோ திரும்பி வருகிறது.

உறையும் உள்ளீடும்

குளிகையின் உறை பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளால் ஆனது. இதனை 1924இல் ஜெர்மானிய அறிஞர்கள் ஹெர்மன், ஹேனல் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். பார்வைக்கு நெகிழித்தாள் போன்றது; ஆனால் தண்ணீர் பட்டதும் மென்மையாகிக் கரையும். குளிர்ந்த நீரிலும் கரையத்தக்கவாறு இதனைப் பதப்படுத்துகின்றனர்.

உறை நீரில் கரைவதாகையால் உள்ளே நீர் மிகுதியாக இருத்தல் கூடாது. சாதாரணச் சலவைத் திரவத்தில் நீரே பெரும்பங்கு வகிக்க, குளிகையின் கூழில் அது பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். எனவே குளிகையில் உள்ளது மிகவும் செறிவூட்டப்பட்ட சரக்கு. இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னர்ச் சொல்லப்படும் எச்சரிக்கைகளின் காரணம் தானே புலப்படும்.

அழுக்கை அகற்றும் பொருள்களோடு கரைப்பான்களும் நொதிகளும் துணிக்கு வெண்மை தோற்றுவிக்கும் பொருள்களும் அதில் சேர்க்கப்படுகின்றன. நொதிகள் என்பன உணவைச் செரிக்கச் செய்பவை போன்ற பொருள்கள். ஒருவகை நொதி இரத்தம், பால், முட்டை ஆகியவற்றின் புரதக் கறையைச் சிதைக்கும். மற்றொன்று சோறு, கஞ்சி முதலியவற்றின் மாவுக் கறையைச் சிதைக்கும்.

பயன்படுத்தும் முறை

முதலாவதாக, கை உலர்ந்திருக்க வேண்டும். ஈரக்கையால் எடுத்தால் எடுத்த குளிகையும் கெடும். பெட்டியிலுள்ள மற்றவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே பெட்டியை ஒவ்வொரு முறையும் இறுக மூடுதல் அவசியம்.

இரண்டாவதாக, குளிகையைச் சலவைத் தூள் போடும் இழுப்பறையில் வைக்கலாகாது. அங்கே நீர் போதிய அளவு படாமல் பாதி கரைந்து நின்றுவிடும். காலியான தொட்டியின் அடியில் முதலில் குளிகையை இட்டு, அதன்மேல் துணிகளைப் போட வேண்டும். துணிகளுக்கு மேலே வைத்தால் மடிப்புகளில் சிக்கி, உறை பசையாக ஒட்டிக்கொள்ள இடமுண்டு.

மூன்றாவதாக, தொட்டியை அமுக்கி நிரப்புதல் கூடாது. துணிகளின் மேல் ஒரு சாண் அளவாவது இடைவெளி இருந்தால்தான் அவை புரண்டு துவையும். ஒரு குளிகை சாதாரணச் சுமைக்கு. பெரிய சுமைக்கு எத்தனை என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். அழுக்கு மிகுந்திருப்பதாகக் கருதி மேலும் ஒன்று போடுவதால் துணி தூய்மையாவதைவிட, அலசியும் போகாத எச்சமே மிகும். அந்த எச்சம் மென்மையான தோலை உடையவர்க்கு அரிப்பு உண்டாக்கலாம்.

துவைக்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டிகள் கொண்ட இயந்திரங்கள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் முதலில் நீரை நிரப்பி, குளிகையை இட்டுச் சில நிமிடம் சுழலவிட்டு, அது முற்றும் கரைந்ததைப் பார்த்த பின்னரே துணிகளைப் போடுவது நன்று. துணியில் உறையின் பசை ஒட்டியிருக்கக் கண்டால் வெயிலில் உலர்த்துவதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் மீண்டும் அலசிவிட வேண்டும்.

கையால் துவைப்பவர்களுக்குக் குளிகை ஏற்றதன்று. ஒரு வாளி நீருக்கு அதன் செறிவு மிக அதிகம், கைத்தோலைப் புண்ணாக்கும். பாதியாக வெட்டிப் போடலாம் என்று முயல்வது அதனினும் கெட்டது. உறை பிதுங்கி, கூழ் கண்ணில் தெறிக்கும். வாளிச் சலவைக்குச் சவுக்காரக் கட்டியோ சாதாரணத் தூளோ போதும்.

குளிகைக்கு ஆகாதவை

பட்டும் கம்பளியும் புரத இழைகள். புரதக் கறையைச் சிதைக்கும் நொதி, நாள் செல்லச் செல்லப் பட்டு இழையையும் பதம் பார்க்கும். ஆகையால் திருமணப் பட்டுச் சேலையையும் பட்டு வேட்டியையும் குளிகையோடு இயந்திரத்தில் இடலாகாது.

இரத்தக் கறை படிந்த துணியை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். சுடுநீர் அக்கறையை இழையோடு இறுக்கிவிடும். துணியில் உலர்ந்துவிட்ட இரப்பர்ப் பால் எந்தச் சலவைப் பொருளுக்கும் அசையாது. அது நீரில் கரையும் பொருளே அன்று. உலர்வதற்கு முன் நீரில் அலசிவிடுவதே வழி.

நம் வட்டாரத்துத் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சதுப்பு நிலக் கால்வாய்களின் நீர், மக்கிய இலைதழைகளின் சாற்றால் தேயிலை நிறமாக இருக்கும். அந்நீர் மென்மையானது, நன்கு நுரைக்கும். ஆனால் வெள்ளைத் துணியில் பழுப்பு ஏறும். கிணற்று நீரில் இரும்புச் சத்து இருப்பின் குளோரின் வெளுப்பான் ஊற்றுதல் கூடாது. இரும்பு துருவாக மாறித் துணியில் மஞ்சளாகப் படிந்துவிடும். குளிகையோ தூளோ இக்குறையைத் தீர்க்காது. துவைப்பதற்குக் குழாய் நீரே நல்லது.

பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளிப்போரின் உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் அறவே கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் மற்ற மருந்துகள் வழக்கில் உள்ளன. அவ்வுடைகளைத் தனியே, நீர் மிகுதியாக விட்டுத் துவைத்து, பின்னர் வெறும் நீரால் இயந்திரத்தையும் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது

ஐரோப்பாவில் 2001 வாக்கில் பரவிய இத்தகைய குளிகைகள் 2012இல் அமெரிக்காவில் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு மே 17 முதல் சூன் 17 வரை அந்நாட்டு நச்சுத் தகவல் நிலையங்களுக்குச் சலவைப் பொருள்களால் நேர்ந்த 1,008 விபத்துகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 485 குளிகைகளால் நேர்ந்தவை. 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் ஆறு வயதுக்குட்பட்ட 17,230 குழந்தைகள் குளிகையால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. எழுநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு குழந்தை இறந்தது.

தூளையும் குழந்தைகள் தின்பதுண்டே, குளிகையில் மட்டும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு மூன்று. தூள் கசந்து வாயில் ஒட்டுவதால் குழந்தை ஒரு சிட்டிகையோடு துப்பிவிடும். குளிகையோ கடித்த மாத்திரத்தில் வெடித்து, கூழ் முழுவதும் தொண்டையை நோக்கிப் பாயும். இது முதலாவது. கூழின் செறிவு இரண்டாவது. வாந்தியும் இருமலும் மட்டுமன்றி, அயர்ந்த தூக்கமும் மூச்சுத் திணறலும் சில குழந்தைகளுக்கு உண்டாகின்றன. வாந்தியின்போது கூழ் மூச்சுக் குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். மூன்றாவது அதன் அழகு. கடையில் கண்ணாடிச் சாடியில் வைத்து விற்கும் ஜெல்லி மிட்டாய்க்கும் இதற்கும் இரண்டு வயதுக் குழந்தை வேறுபாடு காணாது.

கண்ணுக்கு நேரும் தீங்கும் சிறிதன்று. குளிகையைப் பிசைந்து விளையாடும்போது கூழ் தெறித்து விழி வெந்துபோகிறது. அமெரிக்காவில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடையே இவ்வகை விழிப்புண் 2012இல் 12ஆக இருந்தது. 2015இல் 480ஆக உயர்ந்ததென ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

ஆபத்து குழந்தைகளோடு நிற்கவில்லை. நினைவுத் தடுமாற்றம் கொண்ட முதியோர் இதனைத் தின்பண்டமெனக் கருதி உண்டு உயிரிழந்த நிகழ்ச்சிகளும் உண்டு. 2018இல் அமெரிக்க இளைஞர் சிலர் பந்தயம் கட்டிக் குளிகையைக் கடித்த விபரீதமும் நடந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் விதி வகுத்து, 2015இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வெளிப்பெட்டி உள்ளே இருப்பதைக் காட்டாததாகவும் எளிதில் திறக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். உறை நீரில் குறைந்தது 30 விநாடி தாங்க வேண்டும். வாயில் வைத்த 6 விநாடிக்குள் கசந்து துப்பச் செய்யும் பொருள் உறையில் சேர வேண்டும் என்பன அவ்விதிகள். நல்ல விதிகளே. ஆயினும் 6 விநாடி என்பது ஒரு குழந்தை ஓங்கிக் கடிப்பதற்குப் போதுமான நேரம். கசப்பு துணைக் காவலே. பெரியவர்களின் கண்காணிப்பே முதற் காவல்.

வைக்கும் இடம்

குளிகை வந்த பெட்டியிலேயே அது இருக்க வேண்டும். காலியான மைலோ டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் எதையாவது போட்டு வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். தீபாவளிக்கு முறுக்கு இருந்த டின்னில் பின்னொரு நாள் குளிகை இருந்தால், குழந்தை அதனைத் திறந்து பார்ப்பதில் வியப்பில்லை. அன்றியும், விபத்து நேரின் மருத்துவர் முதலில் கேட்பது பெட்டியின் பெயர்ச்சீட்டையே.

சலவை இயந்திரத்தின் மேலேயே பெட்டியை வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த பிள்ளைக்கு அது உயரமே அன்று. பூட்டத்தக்க அலமாரியின் மேல்தட்டே உரிய இடம். துவைக்கும்போது ஒன்றை எடுத்தவுடன் பெட்டியை மூடி உள்ளே வைத்த பின்னரே துணியைத் தொட வேண்டும். எடுத்த குளிகையை ஒரு நொடியேனும் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகலாகாது.

விபத்து நேர்ந்தால்

குழந்தை கடித்துவிட்டால் வாயிலுள்ளதை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நீரால் வாயைக் கழுவ வேண்டும். விரலைவிட்டு வாந்தி எடுக்கச் செய்தல் பெருந்தவறு. மீண்டும் மேலேறும் கூழ் நுரைத்து மூச்சுக் குழலில் புகும். உப்பு நீர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் முதலிய கைவைத்தியம் எதுவும் வேண்டா. கண்ணில் பட்டால் ஓடும் குழாய் நீரில் இமையை விரித்துப் பிடித்து, குழந்தை அழுதாலும் விடாமல், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்து நன்கு கழுவ வேண்டும்.

பின்னர்த் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. இருமல், மயக்கம், மூச்சுத் திணறல் காணின் 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். கோல சிலாங்கூர் மாவட்டத்தார்க்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை உண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்க்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகிறது. அதன் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே கேட்டறிந்து, பாட்டிக்கும் படிக்கத் தெரியும்படி பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வைத்தல் நலம். குளிகைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்க.

யாருக்கு ஏற்றது?

பெரியவர்கள் மட்டுமே வாழும் வீட்டில், தானியங்கி இயந்திரம் வைத்திருப்போர்க்குக் குளிகை வசதியானது என்பதில் ஐயமில்லை. அளவு தவறாமையால் சலவைப் பொருள் வீணாவதும் குறைகிறது. மிகையாகப் போட்ட தூள் சாக்கடை வழியே கால்வாய்க்கும், கால்வாய் வழியே சிலாங்கூர் ஆற்றுக்கும் போய்ச் சேர்வதை நினைத்தால், அளவான உபயோகம் ஊருக்கும் நன்மையே. உறைப்பொருள் கழிவுநீரில் எந்த அளவுக்கு முற்றிலும் சிதைகிறது என்பதில் மட்டும் அறிஞரிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டின் கணக்கு வேறு. அமெரிக்காவின் ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் அமைப்பு 2015இல் குளிகைகளைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகள் அவற்றைத் தவிர்க்குமாறும் கூறியது. குளிகை செய்யும் வேலையைச் சாதாரணத் தூளோ திரவமோ செய்துவிடும். ஒரு கரண்டி அளந்து போடும் சிரமம் மட்டுமே மிச்சம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு மட்டுமே வந்து போகும் வீடாயினும், அவர்கள் வருவதற்கு முன் குளிகைப் பெட்டியைப் பூட்டி வைப்பதோ, அந்தச் சில வாரங்களுக்குத் தூளுக்கு மாறுவதோ நலம். குழந்தை வளர்ந்து, இது தின்னும் பொருளன்று என்று அறியும் வயது வந்தபின் குளிகையை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை காத்திருப்பதால் எந்தத் துணியும் அழுக்காகவே நின்றுவிடப் போவதில்லை.